தட்டில் வெட்டிய பெயர்

பென்டில் ஹில்
சிட்னி
18.02.2024

அன்புத் தங்கச்சி யோகராணிக்கு,

இதையெல்லாம் நான் அப்போதே சொன்னேன். முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால், ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் போனால் கோப்பை ஆடுகிற அந்த இரண்டறை வீட்டில், நீ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்க, உன் மனுசன் இந்திரகுமார் என் கதிரையில் கால்மேல் கால் போட்டிருக்க, என் வாயால் சொன்னேன்: "இந்தத் தட்டால ஒருநாள் உனக்குத் தலைக்குனிவு வரும், எழுதி வை." அவன் எழுதி வைக்கவில்லை. படித்தவர்கள் மற்றவன் சொல்வதை எழுதி வைக்க மாட்டார்கள்.

நீ எப்படி இருக்கிறாய்? தோள் வலி குறைந்ததா? எனக்கு இடது முழங்காலைத் தவிர எல்லாம் திறம். போன கிழமை இரத்தம் சோதித்த டாக்குத்தர், இது இருபத்தைந்து வயதுப் பெடியனின் இரத்தம் என்று இரண்டு தரம் பெயரைச் சரிபார்த்தார்.

உன் போனுக்கு நான் அனுப்புவதெல்லாம் அவனுடைய ஐபேடிலும் விழுகிறது, அவன் அதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்து என் எழுத்துப் பிழைகளை எண்ணுகிறான் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் முத்திரை ஒட்டுகிறேன். தபால் பெட்டி திறப்பது நீதானே. அது ஒன்றாவது உன் கையில் இருக்கட்டும்.

விசயத்துக்கு வருகிறேன். நேற்று சுஜீதனின் கடையில் இடியப்ப மா வாங்கப் போனேன். கல்லாவடியில் மெல்பேர்ன் தமிழ்ப் பத்திரிகை கிடந்தது. ஏழாம் பக்கத்தில் உன் மனுசன், கழுத்தில் சால்வை. 'இசை ஆய்வாளர் இ. இந்திரகுமார்.' வல்மோ என்ற சுவீடன் நாலு பேரின் முதல் இசைத்தட்டைப் பற்றி அரைப்பக்கம். இந்த நாட்டுக்காரர் அந்த நாலு பேரையும் ஒரு காலத்தில் தலையில் வைத்து ஆடினார்கள் அல்லவா, இப்போது அவர்கள் உருப்படுவதற்கு முன் போட்ட தட்டுக்குத்தான் மதிப்பாம். பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றுகிற வழுவழுப்பான இடத்தில் ஆர், டி (R.T.) என்று இரண்டு இங்கிலிஷ் எழுத்து கையால் கீறியிருக்கிறதாம். அது ரூன் தூரெல் என்ற ஒலிப்பதிவுக்காரர் தன் பெயரைக் கீறியதாம். படமும் பெரிதாகப் போட்டிருந்தது.

தங்கச்சி, அந்தப் படத்தைப் பார்த்ததும் மா பை என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அது என் தட்டு. அது என் எழுத்து. எங்களைப் பெற்ற ஐயா ராசையாவின் ஆர். தேவராசாவின் டி. சருவம், சட்டி, அகப்பை எல்லாவற்றுக்கும் பெயர் வெட்டுகிற எங்கள் ஆட்களின் பழக்கத்தில், பெயர் வெட்டும் மெசினால் நானே வெட்டியது. நான் வெட்டியதற்கு உன் மனுசன் வெள்ளைக்காரனைத் தகப்பனாக்கிவிட்டான்.

ஜூன் மாதம் ரோவிலில் இதைப் பற்றிப் பேசப் போகிறானாம். பேசட்டும். நானும் வருகிறேன்.

உன் மேல் பட்சமுள்ள அண்ணா,
தேவராசா


ரோவில்
மெல்பேர்ன்
06.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள். மாடிப்படியில் ஓடாதீர்கள். நானும் பரவாயில்லை.

வல்மோ உருப்படும் என்று 1987இல் நீங்கள் சொன்னதாகப் போன வருடமும் எழுதினீர்கள். அப்போது அவர்கள் உலகம் முழுவதும் பாடி முடித்து, நாலு பேரும் பிரிந்தே நாலு வருடம் ஆகியிருந்தது அண்ணா. ஆனால் அந்தத் தட்டின் முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு, "இந்த ரெண்டு ஆம்பிளையளும் வாயை மூடினால்தான் இந்தக் கோஷ்டி தப்பும்" என்று நீங்கள் சொன்னது உண்மை. நான் நின்று கேட்டேன்.

முதல் பக்கத்தில் அவர்களுக்குத் தாங்கள் யாரென்றே தெரியவில்லை. ஒரு பாட்டு பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி, ஒன்று தேவாலயம் மாதிரி, ஒன்றில் யாரோ அமெரிக்கனைப் போல மூக்கால் பாடுகிறான். பெண்கள் இரண்டு பேரும் பின்னால் நின்று ஆ, ஊ என்கிறார்கள். இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டில்தான் அந்த இருவரும் முன்னால் வந்து ஒரே வரியை ஒரு படி இடைவெளி விட்டுச் சேர்ந்து பாடுவார்கள். அந்த இடத்தில் வல்மோ பிறந்தது. இவர் இப்போது பேச்சில் இதைத்தான் சொல்லப் போகிறார். இதை அவருக்கு யார் சொன்னது என்று அவர் மறந்துவிட்டார்.

இவர் அந்தத் தூரெல் என்பவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு எண்பத்தெட்டு வயது, கணினி பாவிப்பதில்லையாம். அது தன் கைதான் என்று அவர் எழுதி அனுப்பினால் அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். தினமும், "தபால் வந்ததோ?" என்று கேட்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கச்சி,
யோகராணி


பென்டில் ஹில்
12.03.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

எண்ணெய் போட்டேன். நேற்று ரயிலைப் பிடிக்க ஓடியதைப் பார்த்து இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நீ எழுதியதில் ஒன்றைக் கவனித்தேன். வரவேண்டாம் என்று நீ எழுதவில்லை.

அந்தத் தட்டு எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உலகத்துக்குத் தெரியவேண்டும். வல்மோவில் தந்தி வாத்தியம் வாசித்தவனின் பெரியம்மா பிளாக்டவுனில் இருந்தாள். அவள் வீட்டு அலுமாரியை நான் தனியாக முதுகில் தூக்கி இரண்டாம் மாடியில் ஏற்றினேன். அவள் கண்கலங்கி, "தேவா, இது உனக்குத்தான்" என்று கையில் தந்தாள்.

இனி என் நெஞ்சில் இருப்பதை எழுதுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு ஸ்ட்ராத்ஃபீல்ட் மண்டபத்தில் நடந்த கலைவிழாவை நீ மறந்திருக்க மாட்டாய். நீயும் கீழ்வீட்டுச் சந்திரகலாவும் அந்தக் கடைசிப் பாட்டின் மெட்டுக்குத் தமிழில் பாடுவதாக ஏற்பாடு. தமிழ்ச் சொற்கள் நான். இரண்டு மாதம் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும்போதெல்லாம் அந்த மெட்டுக்குச் சொல் தேடினேன். அறிவிப்பாளர் உன் மனுசன். முந்நூறு பேருக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்து என்ன சொன்னான்? "சொற்கள், எட்டாம் வகுப்பு தேவராசா."

மண்டபம் சிரித்தது. தங்கச்சி, இன்றைக்கும் சுஜீதனின் கடையில் வயதானவர்கள் என்னை 'எட்டாம் வகுப்பு' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். எங்கள் வகுப்பு வாத்தியாரே நான் ஒன்பதுக்கு வராததற்கு அழுதவர். வந்திருந்தால் தனக்குச் சொல்லித்தர ஒன்றும் இருந்திருக்காது என்று ஒப்புக்கொண்டவர்.

அதற்கு அடுத்த வருடம் அவன் உன்னையும் தட்டையும் சேர்த்துக் களவெடுத்துக்கொண்டு மெல்பேர்னுக்குப் போனான். உன்னை மன்னித்தேன்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். உன் கலியாணத்துக்கு நான் பெயர் வெட்டித் தந்த பெரிய சில்வர் சருவம் உன் குசினியில் இருக்கும். அதன் அடியைப் படம் எடுத்து அனுப்பு. இரண்டும் ஒரே கை என்று திரையில் காட்டப் போகிறேன். மெசின் இன்னும் என்னிடம் இருக்கிறது. தண்ணீர் குடிக்கச் சில்வர் பேணி இரண்டு டசின் வாங்கினேன், வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள்.

உன் வெற்றியை விரும்பும்,
அண்ணா


ரோவில்
09.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிந்தியதற்கு மன்னியுங்கள். மகள் தர்சினியின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. இரண்டும் இங்கேதான். என்ன கேட்டாலும் இங்கிலிஷில் பதில் வருகிறது, ஆனால் மூன்று நேரமும் புட்டுக் கேட்கின்றன.

போன வருடம் உங்கள் முதலாளி அந்தத் தட்டைத் தந்ததாக எழுதினீர்கள். இப்போது பெரியம்மா. அவளுடைய அலுமாரி பாரமாக இருந்திருக்கும்.

இவர் பேச்சுக்குத் தயாராகிறார். வரவேற்பறையில் நடந்து நடந்து ஒத்திகை பார்க்கிறார். நான் மிளகாய் வறுத்தால் தும்மல் வருகிறதாம், கதவைச் சாத்தச் சொல்கிறார். மிக்சி போட்டால் கை காட்டுகிறார். அதனால் காலையில் அவர் நடக்கப் போகும்போது எல்லாவற்றையும் அரைத்து வைத்துவிடுகிறேன்.

சுவீடன் கடிதம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். முகம் வாடித்தான் போனது.

சந்திரகலா இன்னும் ஸ்ட்ராத்ஃபீல்டில்தானா? ஒரு நாள் கண்டால் நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யோகராணி


பென்டில் ஹில்
15.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சருவத்தைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் முன்னைவிட நல்லது. வலது கைதான் கொஞ்சம் நடுங்குகிறது, மெசின் பிடித்துப் பழக்கம் விட்டுப்போனது.

சந்திரகலாவைக் கண்டேன். ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்துக்கு முன்னால் மல்லித்தழைக் கட்டோடு நின்றாள். தலை முழுக்க வெள்ளை, திருச்சிப் பேச்சு மட்டும் அப்படியே. என்னைக் கண்டதும் முதல் கேள்வி: "அக்கா இன்னும் பாடுறாங்களா?" நான் சும்மா விடுவேனா? நீ மெல்பேர்ன் வானொலியில் கிழமைக்கு இரண்டு தரம் பாடுகிறாய், தெருவில் மறித்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னேன்.

அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். மல்லித்தழைக் கட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அன்னிக்கு மேடையில நான் பாதிப் பாட்டைத் தனியாப் பாடிட்டு இறங்கினேன், அண்ணே. அக்கா வாயே திறக்கல. அவங்க பாடுறாங்கன்னா எனக்குப் போதும்" என்றாள். அவள் ஏன் அதை இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அவமானப்பட்டது நான்.

சருவத்தின் படத்தை அனுப்பு. அது இல்லாமல் போனால் உன் மனுசன் நாக்கால் என்னைச் சுற்றிவிடுவான். அவனுக்கு இங்கிலிஷ் இருக்கிறது. எனக்கு உன் குசினிதான் இருக்கிறது.

அண்ணா


ரோவில்
28.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏப்ரலில் இருந்து நீங்கள் போட்ட மூன்று கடிதமும் கிடைத்தன. ஏழு கிழமையாக எழுதவில்லை. எழுத இருந்துவிட்டு எழும்பிப் போனேன்.

சருவம் குசினியில் மேல்தட்டில் இருக்கிறது. எனக்குத் தோள் சரியில்லை, கதிரை போட்டு ஏற முடியாது. இவரை எடுத்துத் தரச் சொன்னால் ஏன் என்று கேட்பார்.

கூட்டம் ஜூன் 15, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. தமிழ் ஆட்கள் பாதி, இசைத்தட்டுச் சங்கத்து வெள்ளைக்காரர் பாதி. பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். ஒலிவாங்கியை இடது பக்கம் மூன்றாம் வரிசையிலிருந்து கொடுக்கத் தொடங்குவார்கள். மின்சாரம் செருகும் இடமும் அந்தச் சுவரில்தான். படம் காட்டும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கமெரா இருக்கிறது, அதன் கீழ் எதை வைத்தாலும் திரையில் கதவளவு தெரியும்.

நான் மண்டபத்தின் குசினியில் நிற்பேன். ரோல்ஸ் இருநூறு பொரிக்க வேண்டும். சுவரில் சாப்பாடு கொடுக்கிற யன்னல் இருக்கிறது, சத்தம் கேட்கும்.

குளிருக்குக் கம்பளிச் சட்டை கொண்டு வாருங்கள்.

யோகராணி


பென்டில் ஹில்
03.06.2024

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். தளபதிகள்கூட இப்படி வரைபடம் தருவதில்லை.

சருவம் போகட்டும். எனக்கு வேறு வழி தெரியும். ரயிலில் வருகிறேன். விமானத்தில் பெயர் வெட்டும் மெசினைக் கையில் கொண்டுவர விடமாட்டார்கள், ஊசி இருக்கிறதாம். பதினொரு மணித்தியாலம் இருந்து வர என் முழங்காலுக்குத் தைரியம் இருக்கிறது. முப்பத்துநாலு வருடம் இருந்தவனுக்கு அது என்ன பெரிது?

நீ ரோல்ஸைக் கருக விடாதே.

அண்ணா


பென்டில் ஹில்
20.06.2024

வெற்றித் தங்கச்சிக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்பு பஞ்சு மாதிரி. நீ எண்ணெய்ச் சட்டியோடு நின்றபடியால் பாதியும் பார்த்திருக்க மாட்டாய், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்நூறு பேர் இருந்தார்கள். சரி, கதிரைகளை எண்ணினால் தொண்ணூறு. உன் மனுசன் நன்றாகத்தான் பேசினான், அதை மறுக்க மாட்டேன். முதல் பக்கத்தில் அந்த நாலு பேரும் இருட்டில் சுவரைத் தடவுகிறவர்கள் போலத் தங்கள் சத்தத்தைத் தேடுகிறார்கள் என்றான். கடைசிப் பாட்டைப் போட்டான். அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து பாடத் தொடங்கியதும் நான் குசினி யன்னலைப் பார்த்தேன். நீ கரண்டியை வைத்துவிட்டு நின்றாய்.

பிறகு அந்த இரண்டு எழுத்தும் திரையில் வந்தன. ரூன் தூரெல் தன் கையால் கீறியது, உலகத்தில் இப்படி மூன்று தட்டுத்தான் இருக்கும் என்றான். வெள்ளைக்காரர் கைதட்டினார்கள்.

கேள்வி நேரம். நான் எழும்பினேன். முதல் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு என் இங்கிலிஷில் சொன்னேன்.

"மச்சான், அந்த ஆர் எங்கட ஐயா ராசையா. டி நான்."

அவன் என்னை அப்போதுதான் கண்டான். முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. பிறகு சிரித்துக்கொண்டு என்ன சொன்னான் என்று உனக்கும் கேட்டிருக்கும்.

"இருங்கோ மச்சான். இது எட்டாம் வகுப்புக்கு விளங்கிற விசயமில்லை."

தமிழ் ஆட்கள் சிரித்தார்கள். தங்கச்சி, அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் ஒருவேளை இருந்திருப்பேன். நான் பையைத் திறந்தேன். மெசினைச் செருகினேன். புதுப் பேணி ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க, அதன் அடியில் ஆர், டி என்று வெட்டி, கமெராவுக்குக் கீழ் வைத்தேன். ஆரின் காலில் அதே வளைவு. டியின் தொப்பியில் அதே சரிவு. இரண்டு புள்ளியும் ஒரே ஆழம். முன்வரிசையில் சங்கத் தலைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தட்டுக்குச் சட்டி மாதிரிப் பெயர் வெட்டியிருக்கிறார்கள் என்று அவர் பக்கத்து ஆளுக்குச் சொல்ல, அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

உன் மனுசன் விடவில்லை. சுவீடனில் இருந்து உறுதி வரும் என்றான். வந்ததா என்று தலைவர் கேட்டார். இன்னும் வரவில்லை என்றான். இரண்டாம் முறை சிரித்தார்கள்.

அப்போதுதான் அவன் உன்னைக் கூப்பிட்டான். நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாய்.

"ராணி, எங்கட கலியாணத்துக்கு இவர் பேர் வெட்டித் தந்த சருவம் வீட்டில இருக்கு. அதில இருக்கிற எழுத்து இப்பிடியோ? பொய் சொல்லாதேயும்."

நீ திரையைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாய்.

"இப்பிடியேதான். இதே எழுத்து."

சொல்லிவிட்டு ரோல்ஸைப் பார்க்கப் போய்விட்டாய். அவன் தட்டை உறையில் போட்டு, "உங்கட சாமான் மச்சான், கொண்டு போங்கோ" என்று என் கையில் தந்தான். நான் ரோல்ஸ் ஆறு சாப்பிட்டேன்.

இப்போது சொல். வீட்டுக்குப் போய் என்ன நடந்தது? சருவத்தை எடுத்துப் பார்த்தானா?

மார்பு நிமிர்ந்த,
அண்ணா


ரோவில்
11.08.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன். என் தோள் மாறிவிட்டது. உண்மையில் அது ஜூன் மாதமே மாறிவிட்டது.

இவர் சருவத்தைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார். முப்பத்தைந்து வருடத்தில் குசினியில் ஒரு அலுமாரியையும் திறந்தவர் இல்லை, சருவம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் நேற்றுத்தான் கதிரை போட்டு ஏறி எடுத்தேன். அடியில் பெரிதாக, கோணலாக, 'அன்பளிப்பு இ. தேவராசா' என்று வெட்டியிருக்கிறது. தமிழில். ஐயா இராசையாவுக்கும் இ, ஒரு இங்கிலிஷ் எழுத்தும் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும் அண்ணா. அதைத்தான் முப்பத்தைந்து வருடமாகத் தேய்த்துக் கழுவுகிறேன்.

தட்டை இவர் களவெடுக்கவும் இல்லை. என் சேலைகளுக்கு நடுவில் வைத்து நான்தான் கொண்டு வந்தேன்.

அந்தக் கலைவிழாவில் இவர் ஒலிவாங்கியில் இரண்டு வசனம் சொன்னார். நீங்கள் இவ்வளவு காலமும் ஒரு வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் சொன்னது எனக்கு. "அடுத்து வருவது எங்கட வீட்டுக் குசினிச் சத்தம்." சிரிப்பு அதில்தான் தொடங்கியது. உங்களுக்கு வந்தது மிச்சம். சந்திரகலாவுக்கு அது ஞாபகம் இருக்கும்.

இவர் இப்போது இசைத்தட்டுகளைக் கராஜுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒத்திகை இல்லை. வீட்டில் கதவு சாத்தச் சொல்ல ஆள் இல்லை. நான் சமைக்கும்போது அந்தக் கடைசிப் பாட்டைப் பாடுகிறேன், உங்கள் சொற்களோடுதான். மேல் வரியை நான் பிடிக்கிறேன், கீழ் வரிக்கு ஆள் இல்லை. சந்திரகலாவுக்குப் போன் போட்டேன். வருகிற மாதம் வருகிறாள். தட்டைக் கொடுத்துவிடுங்கள்.

இவர் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த எழுத்துகள் தூரெலுடையவை அல்ல, சிட்னி தேவராசாவுடையவை என்று உங்கள் முழுப்பெயரைப் போட்டு. எழுதி எழுதிக் கிழிக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை இல்லை, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.

அதற்குள் ஒன்று கேட்க வேண்டும். சுவீடனில் இருந்து அந்தக் கடிதம் வந்தது. கூட்டத்துக்குப் பத்து வாரத்துக்கு முன்னால், ஏப்ரல் ஐந்தாம் திகதி. தபால் பெட்டியில் இருந்து எடுத்தேன், நேரே அரிசி வாளிக்குள் வைத்தேன். உடைக்கவில்லை. அப்போது நீங்கள் சொன்னதை நம்பியிருந்தேன். அந்த ஆள் 'இது என் கை இல்லை' என்று எழுதியிருப்பார், இவர் கூட்டத்துக்கு முன்னாலேயே தப்பிவிடுவார் என்று நினைத்தேன். இவர் தப்ப வேண்டாம் என்று நினைத்தேன்.

நேற்று சருவத்தைத் திருப்பிப் பார்த்த பிறகு யோசிக்கிறேன். எண்பத்தொன்பதில் பெயரைத் தமிழில் வெட்டியவர், எண்பத்தேழில் இங்கிலிஷில் வெட்டினாரா?

கடிதம் இன்னும் அரிசிக்குள்தான் இருக்கிறது. இவரிடம் கொடுக்கட்டா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

யோகராணி


பென்டில் ஹில்
16.08.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை. சுகம் விசாரிக்கிற பகுதியை இம்முறை விட்டுவிடுகிறேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். கொடுக்காதே. உடைக்கவும் வேண்டாம். அவன் திருத்தம் எழுதி அனுப்பட்டும், என் முழுப்பெயர் அச்சில் வரட்டும், சுஜீதனின் கடையில் நான் பத்துப் பிரதி வாங்கி அந்தக் கிழவர்களின் மடியில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். நீயும் சந்திரகலாவும் உன் குசினியில் கதவைத் திறந்து வைத்து அந்தப் பாட்டை முழுதாகப் பாடி முடிக்க வேண்டும், அவன் கராஜில் இருந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் கொடுக்கச் சொல்வேனோ தெரியாது. வாளியில் அரிசி குறைந்தால் புது மூட்டையை மேலே கொட்டு.

அவன் சொன்ன முதல் வசனம் எனக்குக் கேட்கவே இல்லை, ராணி. என் பெயர் வரப்போகிறது என்று மேடைக்குப் பக்கத்தில் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அதை நான் கேட்டிருந்தால் அன்றைக்கே மேடையில் ஏறியிருப்பேன். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

தட்டைச் சந்திரகலாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் இரண்டு துவாய்க்குள் சுற்றிக் கொண்டுபோனாள்.

சருவத்தில் எந்த மொழியில் வெட்டினேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. விருந்தாளிகள் யாரும் வரவில்லை. பத்திரிகைப் படத்தைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு டசின் பேணியிலும் வெட்டிப் பழகினேன். பிறகு இன்னும் மூன்று டசின் வாங்கினேன். ஆரின் கால் வளைவு வர ஒரு மாதம் பிடித்தது. இந்த வீட்டில் இப்போது எந்தப் பேணியைத் திருப்பினாலும் சுவீடன்காரன் இருக்கிறான்.

பெரியம்மாவும் இல்லை, முதலாளியும் இல்லை. எண்பத்தேழில் ஸ்ட்ராத்ஃபீல்டில் கவுன்சில் குப்பை எடுக்கிற கிழமை, ஆட்கள் தளபாடங்களைத் தெருவோரம் போட்டிருந்தார்கள். உடைந்த கதிரைக்குக் கீழே ஒரு பெட்டி நிறையத் தட்டுகள். ஒன்றைக் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் சரித்துப் பார்த்தேன். பளபளப்பான இடத்தில் ஆர், டி. இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம், விசாக் கடிதத்தையும் சம்பளத் துண்டையும் தவிர வேறெங்கும் என் பெயரை நான் காணவில்லை. மற்றத் தட்டுகளைப் போட்டுவிட்டு அந்த ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மற்றதெல்லாம் நான் சொன்னபடிதான். அந்த எழுத்தை மட்டும் நான் வெட்டவில்லை.

அண்ணா